துரையின் சடை

நேற்று எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் ஒரு நாய் ஏறியது. அதற்கு முன்னால் அதன் வாசனை ஏறிவிட்டது. ஷாம்பூவும் பவுடரும் ஏதோ பழவாசனையும் கலந்து, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைத் தோழனுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். நாய் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். இத்தனை வருஷம் காப்பாற்றி வந்ததை இந்த வயதில் விடுவதாக இல்லை. கயிற்றைப் பிடித்திருந்த நான்காவது மாடிப் பெண் சிரித்தாள்.

“பயப்படாதீங்க அங்கிள், ஒண்ணும் பண்ண மாட்டான். லாப்ரடூடுல். லாப்ரடாரும் பூடிலும் சேர்ந்த கிராஸ். பார்லர்ல முடி வெட்டிக்கிட்டு வர்றான்.”

அவளுக்கு விளக்கிச் சொல்வதில் பிரியம். கீழ்த்தளத்திலிருந்து நான்காவது மாடி வருவதற்குள் ஒரு பாடமே நடத்திவிட்டாள். பூடிலை எதோடு சேர்க்கிறார்களோ அதற்குத் தகுந்த குணமாம். காக்கர் ஸ்பேனியலோடு சேர்ந்தால் கோக்கபூ. அது மடியை விட்டு இறங்காது. பொமரேனியனோடு சேர்ந்தால் பொமபூ. அது வாயை மூடாது. லாப்ரடாரோடு சேர்ந்தால் இந்த மகராசன், சாப்பாடும் சமத்தும். எல்லாவற்றுக்கும் முடி அதிகம் உதிராது, ஆனால் வளர்ந்துகொண்டே இருக்கும், சீவாமல் விட்டால் சிக்குப் பிடித்துவிடும், அதனால்தான் மாதாமாதம் பார்லர். காதோரம் ஒரு சிவப்பு ரிப்பன் வேறு கட்டி அனுப்பியிருந்தார்கள்.

இந்த மூன்று ஜாதியையும் விழுப்புரம் ஜங்ஷனில் உன் அப்பா பிறப்பதற்கு முன்பே பார்த்தாகிவிட்டது அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த ரிப்பன் கண்ணில் பட்டது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். லிஃப்ட் கதவு திறந்து அவளும் போய்விட்டாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு நடுவில் இறங்கவேண்டிய மாடி எதுவும் இல்லையே.

என்ன ஷாம்பூ போட்டாலும் நாய்க்கு அடியில் ஒரு சொந்த வாசனை உண்டு. நனைந்த சாக்கு வாசனை அது. நனைந்த சாக்கு என்றால் எனக்கு விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீஸ்தான். ஐம்பதுகளின் கடைசியில் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கடலூரிலிருந்து மீன் கூடைகள் ஐஸ் உருகிச் சொட்டச் சொட்ட வந்து இறங்கும். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம். திண்டிவனத்திலிருந்து மல்லாட்டை மூட்டை, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் சாக்குதான் விரித்திருக்கும். மழைக்காலத்தில் ஆபீஸே ஒரு பெரிய நனைந்த சாக்காகிவிடும். நான் சாப்பிட்ட மெஸ்ஸில் என் பக்கத்து இலை எப்போதும் காலியாகவே இருக்கும். நான் அதைப் பல நாள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாய்களும் பார்சல்தான். ரயிலின் கடைசியில் வரும் கார்டு வண்டியில் அவற்றுக்கென்று இரும்புக் கம்பிக் கதவு வைத்த ஒரு சின்னப் பெட்டி உண்டு. நாய்ப்பெட்டி என்போம். விழுப்புரத்தில் வண்டி மாறவேண்டிய நாய்கள், அடுத்த வண்டி வரும்வரை என் பொறுப்பு. கழுத்துப்பட்டை இருக்கிறதா, சங்கிலி உறுதியா, தண்ணீர் வைத்தாயிற்றா என்று பார்க்கவேண்டும். தண்ணீர்ச் சட்டியை விளக்குமாற்றுக் கட்டையால் தள்ளி வைப்பது என் வழக்கம். பாயிண்ட்ஸ்மேன்கள் இதைப் பார்க்கவென்றே டீ கிளாஸோடு வந்து நிற்பார்கள்.

ரயில்வே காலனியில் பூடில் வைத்திருந்தவர் டெய்சி அம்மா. ஆங்கிலோ இந்தியர், கணவர் ரயில்வே கார்டு. நல்ல உயரம், பூப்போட்ட கவுன், வெள்ளை முடியில் இரண்டு கொண்டை ஊசி. அவருடைய மிமி பாண்டிச்சேரிக்காரி. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போன சமயத்தில் ஒரு துரைசானி தன் சமையல்காரரிடம் விட்டுவிட்டுப் போன நாய். சமையல்காரருக்குச் சோறு போடத் தெரிந்தது, முடி வெட்டத் தெரியவில்லை. மிமி கம்பளி மூட்டை ஆகிவிட்ட நிலையில் டெய்சி அம்மா வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்பிவிட்டார். டெய்சி அம்மா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு, மிமியை அதன்மேல் நிறுத்தி முடி வெட்டுவார். உதிர்ந்த சாம்பல் நிறச் சுருள்களைக் காக்கைகள் பொறுக்கிக்கொண்டு போகும். ஜங்ஷன் காக்கைகளைப்போல மெத்தென்ற கூட்டில் முட்டையிட்ட காக்கைகள் தென்னாற்காடு ஜில்லாவில் வேறு இருந்திருக்காது.

மிமிக்கு முதல் ஈடு, அதாவது முதல் பிரசவத்துக் குட்டிகள், என்ஜின் டிரைவர் ஒருவர் வைத்திருந்த ஸ்பேனியல் மூலமாக. குட்டிகளுக்குக் காது நீளம். தண்ணீர் குடித்தால் வாய்க்கு முன்னால் காது குடிக்கும். எப்போதும் காதில் சீழ் பிடித்து, டெய்சி அம்மா பஞ்சும் எண்ணெயுமாக அலைவார். ஆனால் அவற்றைப்போல ஒட்டிக்கொள்கிற ஜீவனை நான் பார்த்ததில்லை. நான் டெய்சி அம்மா வீட்டு பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் விடாது, முழங்கால்மேல் ஏறி முகவாயை வைத்துக்கொள்ளும். என்னைப்போன்ற ஆளையும் பிடித்துப்போகிறது என்றால் அதற்கு எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

இரண்டாவது ஈடு, கம்பவுண்டர் வீட்டுப் பொமரேனியனால் வந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும், குரல் மட்டும் ஊர் அளவு. வண்டி வந்தால் குரைக்கும். வண்டி போனால், போய்விட்டதே என்று குரைக்கும். பெரிய நாய்களையெல்லாம் மிரட்டி ஓரமாக நிற்கவைக்கும். அதில் ஒன்றை டீ ஸ்டால்காரர் வாங்கிப்போய், ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். “பேஜாரா பூட்ச்சும்மா. டீ, பொறை வாங்க வர்ற ஆளயெல்லாம் தொரத்துது” என்றார்.

மூன்றாவது ஈட்டில் எனக்கும் பங்கு உண்டு. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெட்ராஸிலிருந்து பாண்டிச்சேரிக்கு மாற்றலாகிப் போகும் ஓர் அதிகாரியின் கறுப்பு லாப்ரடார், கனெக்‌ஷன் வண்டிக்காகப் பார்சல் ஆபீஸில் காத்திருந்தது. பெரிய தராசின் காலில் சங்கிலியைக் கட்டி, கட்டையால் தண்ணீரைத் தள்ளிவிட்டு, நான் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், தண்டவாளத்தைத் தாண்டி மிமி வந்திருந்தாள். நான் போட்ட கூச்சலுக்குப் பிளாட்பாரமே கூடிவிட்டது. இரண்டுபேரும் என்னைப் பொருட்படுத்தவில்லை. சாயங்கால வண்டியில் அந்த லாப்ரடார் ஒன்றுமே நடக்காத முகத்தோடு ஏறிப்போனது.

குட்டிகள் பிறந்ததும் டெய்சி அம்மா நேராக ஆபீஸுக்கு வந்தார்.

“என்னா மேன், எல்லாம் பிளாக்கா இருக்கு? உன் ஆபீஸ்ல கட்டியிருந்த பிளாக் டாக்தானே? அப்போ ஒரு குட்டி உன்து. எடுத்துக்கோ.” போகும்போது திரும்பி நின்று, “டெய்லி சீவணும். ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி வெட்டணும். இல்லேன்னா கம்பளி ஆயிடும். கேட்டுக்கினியா?” என்றார்.

மெஸ் அறையில் நாய் வைக்க முடியாது. முடிந்தாலும் வைத்திருக்க மாட்டேன். பால்குடி மறந்ததும் குட்டியை ஒரு மாங்காய்க் கூடையில் போட்டு, மேலே சாக்குக் கட்டி, கையை முடிந்தவரை நீட்டிப் பிடித்துக்கொண்டு திண்டிவனம் பாசஞ்சர் ஏறினேன். திண்டிவனத்தில் என் அக்கா இருந்தாள். பச்சையம்மாள் என்று பெயர். அவள் வீட்டுக்காரர் மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவர். அவர்களுக்கு ஒரே பெண், செல்வி. அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள்.

சாக்கைப் பிரித்ததும் செல்வி உள்ளே எட்டிப் பார்த்து, “மாமா, இது ஆட்டுக்குட்டியா நாய்க்குட்டியா?” என்று கேட்டாள். நாய்தான், வெள்ளைக்காரர் வீட்டு வழியில் வந்த நாய் என்றேன். “அப்ப இவன் பேரு துரை” என்று முடிவு செய்துவிட்டாள். அட்டக்கரி நிறத்தில் ஒரு துரை. தெருவே சிரித்தது.

துரைக்குத் தகப்பன் கொடுத்தது வயிறும் பொறுமையும். மண்டியிலிருந்து அக்கா வீட்டுக்காரர் சட்டைப்பையில் போட்டு வரும் மல்லாட்டையைத் தோலோடு தின்பான். ஏரியில் தண்ணீர் இருந்தால் போதும், இறங்கிவிடுவான். எதையும் பல் படாமல் வாயில் தூக்கிக்கொண்டு வருவான். செல்வியின் பள்ளிக்கூடப் பை தினமும் அவன் வாயில்தான் வீடு வரும். தாய் கொடுத்தது மூளை. கொக்கி போட்ட கதவை இரண்டே நாளில் திறக்கக் கற்றுக்கொண்டான். அந்த முடியும் தாய் கொடுத்ததுதான். அது வளர்ந்தது, வளர்ந்தது, வளர்ந்துகொண்டே இருந்தது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டெய்சி அம்மாவின் கத்தரிக்கோலை இரவல் வாங்கிப்போய் நான் வெட்டிவிடுவேன். அக்கா தலையைப் பிடித்துக்கொள்வாள்; நான் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன். வெட்டி முடித்தால் கறையான் அரித்த புத்தகம் மாதிரி நிற்பான். தினமும் சீவுவது செல்வியின் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து, தன் மரச்சீப்பால் அவனைச் சீவி, அதே சீப்பால் தன் தலையையும் சீவிக்கொள்வாள். “அடியே, அந்தச் சீப்ப தூரப் போடுடி!” என்று அக்கா உள்ளேயிருந்து கத்துவாள். செல்விக்கு இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். மிச்சமிருக்கும் துண்டைத் துரையின் காதோரம் கட்டிவிடுவாள். பூ முடிச்சு போட அவளுக்கு வராது. முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு இறுக்கிவிடுவாள்.

இனிமேல் சொல்வதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒரு கோடையில் செல்விக்குப் பெரியம்மை வார்த்தது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். வீட்டில் தாளிக்கவில்லை. ஆத்தா வந்திருக்கிறாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் போய்விடுவாள் என்றார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரவில்லை. அம்மை குத்த வருகிறவர்களைக் கண்டால் தெருவே கதவைச் சாத்திக்கொண்ட காலம் அது. அக்காவும் சாத்தினாளா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

அக்கா அழவில்லை. மாடத்தில் விளக்கு ஏற்றுவதை நிறுத்தினாள். பேச்சையும் நிறுத்தினாள். சோறு ஆக்குவாள், தண்ணீர் எடுப்பாள், கேட்டால் தலையாட்டுவாள். அந்தச் சமயம் பார்த்து எனக்குத் திருச்சிப் பக்கம் மாற்றல் வந்தது. நான் திரும்பவும் விழுப்புரத்துக்கே வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனேன்.

வாசலில் துரை படுத்திருந்தான். அவன் என்று தெரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது. கழுத்திலிருந்தும் முதுகிலிருந்தும் முடி கயிறு கயிறாக முறுக்கேறித் தரையில் கிடந்தது. நெற்றி முடி ஒரே பாளமாகி முகத்தையே மூடியிருந்தது. அதன்மேல் மஞ்சள், குங்குமம், ஒரு வேப்பங்கொத்து. எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி கற்பூரம் காட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா இது?”

“சத்தமாப் பேசாதடா. ஆத்தா சடை போட்டிருக்கா.” ஒரு வருஷத்துக்குப் பிறகு அக்காவின் குரலைக் கேட்டேன். “எம்பொண்ண இட்டுக்கினு பூட்டா இல்ல? அவளுக்கே மனசு கேக்கல. வந்து என் வாசல்லயே படுத்துக்கினு கீறா.”

எங்கள் பக்கத்தில் மனிதர் தலையில் சடை விழுந்தால் அதை யாரும் வெட்டமாட்டார்கள். அது அங்காளம்மன் போட்டது, அவளாக எடுக்கும்வரை இருக்கவேண்டும் என்பார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், சீப்பு படவிடமாட்டார்கள். நாய்க்கு விழும் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அந்தத் தெருவில் அப்படி ஒரு முடி வளர்கிற நாயையும் யாரும் பார்த்ததில்லை. எனக்குத் தெரியும் அது என்னவென்று. டெய்சி அம்மா சொன்ன கம்பளி அது. வாயைத் திறந்திருப்பேன். ஆனால் மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா தலைசீவிப் பூ வைத்திருந்தாள். எனக்குச் சோறு போடும்போது, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடா, துரும்பாப் பூட்டியே என்றாள். நான் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே துரை எழுந்து உள்ளே வரப் பார்த்தான். வாசற்காலில் முட்டிக்கொண்டான். பின்வாங்கி, அக்காவின் வளையல் சத்தம் கேட்ட பக்கம் திரும்பி, மறுபடி முட்டிக்கொண்டான். பக்கத்தில் வந்தபோது மஞ்சள் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை அடித்தது. புண் வாசனை.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு மாட்டாஸ்பத்திரி டாக்டரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். அவர் நெற்றிப் பாளத்தை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். “உள்ளாற அழுகிப் போவுது. இத வெட்டலன்னா கண்ணு ரெண்டும் பூடும். புழு வச்சிட்டா நாயே பூடும்” என்றார். அக்கா வீட்டுக்காரர் கைகூப்பினார். “மருந்து குடுங்க சார், இன்னா வேணா குடுங்க. கத்திரி மட்டும் வேணாம்.” டாக்டரும் செஞ்சிப் பக்கத்துக்காரர்தான், அங்காளம்மன் சடைக்குப் பயந்த ஊர். அவரும் கத்தரிக்கோலை வெளியே எடுக்கவில்லை.

அன்று அக்கா வீட்டுக்காரர் என்னோடு ஸ்டேஷன்வரை நடந்து வந்தார். பேசாத மனிதர். கேட் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்.

“எனக்குத் தெரியாதா மச்சான், அது சிக்குதான்னு? நானே ராவோட ராவா வெட்டிப் போட்டுடலாம். ஆனா ஒரு வருசமா ஊமையா இருந்தவ இப்பதான் பேசுறா, திங்கறா. அத வெட்டிட்டு, திரும்ப இவ அப்புடியே பூட்டா நான் இன்னா பண்ணுவேன்? நாய்க்குக் கண்ணா, இவளுக்கு உசுரா, நீயே சொல்லு.”

வண்டி வந்தது, ஏறிக்கொண்டேன்.

டெய்சி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிமியைக் கூடையில் வைத்துக்கொண்டு, கைப்பையில் கத்தரிக்கோலோடு என்னோடு கிளம்பிவிட்டார். கத்தரிக்கோலைப் பார்த்ததும் அக்கா துரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். டெய்சி அம்மா அதைத் தரையில் வைத்துவிட்டு, கவுனைச் சுருட்டிக்கொண்டு தானும் தரையிலேயே உட்கார்ந்து, மிமியைக் கூடையிலிருந்து இறக்கிவிட்டார்.

மிமிக்கு அப்போது வயதாகிவிட்டது. நடுக்கூடத்தில் நின்று மூக்கைத் தூக்கினாள். துரை அக்காவின் கையிலிருந்து திமிறினான். வால் ஆடியது, உடம்பு முழுக்க ஆடியது. தாய் இருக்கும் பக்கம் பாய்ந்து, ஆட்டுக்கல்லில் போய் மோதிக்கொண்டான். எழுந்து வேறு பக்கம் போனான். மிமிதான் நடந்துபோய் அவனைக் கண்டுபிடித்து நக்கினாள். அவன் அவளைச் சுற்றிச் சுற்றி முகர்ந்தான், பார்க்க முடியவில்லை.

“பாவம், பையன் மம்மிய பாக்கல” என்றார் டெய்சி அம்மா. “வாசனைதான் பாக்கறான்.”

அக்கா எழுந்துபோய்க் காபி போட்டாள். டெய்சி அம்மா காபி குடித்தார். புறப்படும்போது, “நான் வெட்டமாட்டேன்மா. நாய் உன்து, சாமி உன்து. சிசர்ஸ் இங்கியே இருக்கட்டும்” என்றார். திரும்பி வரும் வண்டியில் அவர் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். மிமி என் காலடியில் தூங்கினாள். நான் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை என்பது விழுப்புரம் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அடுத்த அமாவாசைக்கு முன்னால் அக்கா ஆள் சொல்லி அனுப்பினாள், லீவு போட்டுக்கொண்டு வரச் சொல்லி. போனேன். துரைக்குப் புதுக் கயிறு கட்டி, கத்தரிக்கோலை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

“வெட்டறதுன்னா என் வூட்டுல வெட்டமாட்டேன்டா. மலையனூர்ல போய் வெட்டறேன். அவ போட்டத அவ வாசல்லயே எறக்கி வச்சிடறேன். வாங்கிக்கினா வாங்கிக்கட்டும்.”

செஞ்சிப் பக்கம் லோடு ஏற்றப்போகும் மண்டி லாரி ஒன்று எங்களை மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில்வரை கொண்டுவிட ஒப்புக்கொண்டது. காலிச் சாக்குகளின்மேல் அக்காவும், அவள் மடியில் தலைவைத்துத் துரையும். வழியெல்லாம் அவள் ஈ ஓட்டிக்கொண்டே வந்தாள். அமாவாசைக் கூட்டம் காலையிலேயே நெரிந்தது. மொட்டை அடிக்கும் இடத்தில் நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் போய் நின்றதும் ஒருவர் நாயைப் பார்த்தார், சடையைப் பார்த்தார், கத்தியை மடக்கிவிட்டார்.

“நம்மால ஆவாதும்மா. சடைல கைய வச்சுட்டு நான் புள்ளகுட்டியோட இருக்கிறதா வாணாமா?”

அதற்குள் சுற்றிலும் ஆள் சேர்ந்துவிட்டது. சடை விழுந்த நாய், கறுப்பு நாய், அதுவும் அமாவாசை அன்றைக்கு அவள் வாசலில். கேட்கவேண்டுமா? ஒருத்தி குங்குமத்தை அள்ளி அவன் தலையில் போட்டாள். இன்னொருத்தி சாமி வந்து ஆடத் தொடங்கி, “வெட்டாதடீ!” என்று அலறினாள். அக்கா வீட்டுக்காரர், “வா பூடலாம்” என்று அவள் தோளைத் தொட்டார். அக்கா கையைத் தட்டிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

“எம்பொண்ணையே இவளுக்குக் குடுத்துக்கீறேன். இத குடுக்க நான் யாரைக் கேக்கணும்?”

சாமி ஆடியவள் நின்றுவிட்டாள். அக்கா சப்பணமிட்டு உட்கார்ந்து, துரையை மடியில் போட்டுக்கொண்டு, மஞ்சள் துணியைப் பிரித்தாள்.

முடி ஜமுக்காளம் போலக் கெட்டித்துக் கிடந்தது. சுலபத்தில் வெட்டுப்படவில்லை. கழுத்தில் தொடங்கினாள். அவள் திணறுவதைப் பார்க்கமுடியாமல் அந்த நாவிதரே பக்கத்தில் வந்து குந்தினார். “கத்திரிய தொடமாட்டேன். காத மட்டும் புடிச்சிக்கிறேன், வெட்டிடப் போற” என்றார். அவர் காதை விலக்கிப் பிடிக்க, அவள் அதன் பின்னால் கத்தரியை விட்டாள். பெரிய பாளம் ஒன்று நெற்றியோடு சேர்ந்து ஓடு கழன்றதுபோலக் கையில் வந்தது. துரை வெளிச்சம் தாங்காமல் தலையை உதறினான்.

அக்கா அந்தப் பாளத்தைத் திருப்பினாள். உட்பக்கத்தில், முடி சுற்றிச் சுற்றி இறுகிப்போன நடுவில், ஏதோ துணி மாதிரி தெரிந்தது. விரலால் நோண்டினாள். ரிப்பன். சிவப்பு போய் ஈரச் செங்கல் நிறமாகியிருந்தது. முடிச்சுமேல் முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னையும் அவரையும் பார்த்தாள்.

“அவ போனதுலேந்து இவன யாருமே சீவல இல்ல?”

நாங்கள் இரண்டுபேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

“ஆத்தா போடலடா இத. எம்பொண்ணு இல்லாததால விழுந்துக்கீது.”

அப்போதுதான் அழுதாள். ஒரு வருஷத்துக்கு மேலாக அழாத அழுகை. அங்கேயே, அத்தனை கூட்டத்தின் நடுவில், நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, செல்வி செல்வி என்று பெயர் சொல்லி அழுதாள். அந்தப் பெயரைச் செல்வி போனபிறகு அந்த வீட்டில் யாரும் சொல்லியிருக்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் துண்டை வாயில் திணித்துக்கொண்டு நின்றார். நானும் அழுதேன், மறைப்பானேன். துரை மட்டும் அழவில்லை. அவன் ஒரு கண் மங்கலாகிப் பால்போல இருந்தது. மற்ற கண்ணால் அக்காவின் முகத்தைப் பார்த்தான். முதலில் கிட்டத்தில் வந்து, அப்புறம் தலையைச் சாய்த்து, அப்புறம் கொஞ்சம் தள்ளி நின்று. பார்த்து முடித்துவிட்டு நக்கத் தொடங்கினான்.

வெட்டிய முடியெல்லாம் மற்றவர்களின் முடி போகிற கூடையிலேயே போனது. ரிப்பனை அவள் போடவில்லை. சந்நிதியில் புற்றுக்கு எதிரே நிற்கும்போது அதை முந்தானையில் முடிந்துகொண்டு, பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்: “சடைய குடுத்துட்டேன். இத தரமாட்டேன்.”

அக்கா திரும்பவும் ஊமையாகிவிடுவாளோ என்று பயந்தோமே, அது நடக்கவில்லை. அவள் நிறையப் பேசினாள், நிறைய அழுதாள், செல்வியைப் பற்றி யார் கிடைத்தாலும் பிடித்துவைத்துச் சொன்னாள். கோயிலுக்குப் போவதை விடவில்லை. ஆனால் சாமியோடு பழைய ஒட்டுதல் இல்லை, பக்கத்து வீட்டாரோடு பேச்சுவார்த்தை குறைந்தமாதிரி ஒரு மரியாதை மட்டும் இருந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குத் தினமும் வாசற்படியில் உட்கார்ந்து துரையைச் சீவினாள். குற்றம் வரும் என்று சொன்ன தெருக்காரர்கள் கொஞ்ச நாள் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. துரை ஒற்றைக் கண்ணோடு மல்லாட்டை திருடித் தின்று, கிழவனாகி, தூக்கத்தில் போனான்.

அவன் சும்மாவும் இருக்கவில்லை. வெகுகாலம் திண்டிவனத் தெருநாய்களில் அவன் அடையாளம் கிடைத்துக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கும் ஒன்றுக்கு முதுகில் மட்டும் சுருள் இருக்கும். மண்டிவாசலில் இன்னொன்றுக்குத் தாடி. நான் நாய்களை உற்றுப் பார்க்கிற ஆளாகிவிட்டேன், தூரத்திலிருந்துதான். ஈட்டுக்கு ஈடு சுருள் குறைந்து, ஒரு வால்நுனியில் வந்து நின்றது. அப்புறம் அதுவும் காணோம்.

டெய்சி அம்மா, மிமி போன மறு வருஷம் மகனோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். கத்தரிக்கோல் அக்கா வீட்டிலேயே நின்றுவிட்டது. காலனி வேப்பமரம் இல்லை. மீட்டர்கேஜ் இல்லை, நாய்ப்பெட்டி வைத்த அந்தக் கார்டு வண்டி இல்லை. அக்கா வீட்டுக்காரர் போனார், சில வருஷம் கழித்து அக்காவும் போனாள். அந்த ரிப்பனை எங்கே வைத்திருந்தாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. இதற்கெல்லாம் வருத்தப்படுகிற வயதுதான் எனக்கு, வருத்தப்படுகிறேன்.

பெரியம்மையும் போய்விட்டது. உலகத்திலேயே இப்போது அது எங்கும் இல்லையாம். நான்காவது மாடிப் பெண்ணுக்கு அப்படி ஒன்று இருந்ததாகவே தெரிந்திருக்காது. போனவற்றில் அது ஒன்றுக்காக மட்டும் நான் வருத்தப்படவில்லை. செல்வி இருக்கும்போதே போயிருக்கலாம்.